பன்னிரண்டு யூரோவுக்குள்

ஆறு புட்டிகள், ஆறு கம்பளிக் காலுறைகளுக்குள்.
எல்லாம் ஃபிர்மினுடைய காலுறைகள்.
துவைத்தவைதான் என்று இரண்டு முறை சொன்னான்;
இரண்டாம் முறை சொன்னபோதுதான்
எங்களுக்குச் சந்தேகமே வந்தது.

விதி ஒன்றுதான்.
பன்னிரண்டு யூரோவுக்கு மேல் ஒரு சென்ட் ஏறினாலும்
அந்தப் புட்டி ஒடீலின் சமையலறைக்குள் நுழையக் கூடாது.
வடக்கே, காரில் ஒரு மணி நேரம் போனால்,
ஒரு புட்டிக்கு என் மாத வாடகையைக் கேட்கும் சரிவுகள் உண்டு.
அவற்றை நாங்கள் பேசுவது
வசதியான சம்பந்தி வீட்டைப் பேசுவது போல:
சுருக்கமாக,
கதவைச் சாத்திவிட்டு.

இது பர்கண்டியின் தெற்குக் கோடி.
சுண்ணாம்பு மண். வெள்ளாடுகள். பிப்ரவரி மூடுபனிக்குள்
இருக்கிறதா இல்லையா என்று தெரியாத சோன் ஆறு.
திராட்சைக்கு ஷார்டொனே என்று பெயர்,
பத்து கிலோமீட்டரில் ஓர் ஊருக்கும் அதே பெயர்.
ஊர் முதலா கொடி முதலா என்ற வழக்கு
ஃபிர்மினுக்கும் ஒடீலுக்கும் இடையே
பதினோரு குளிர்காலமாக நிலுவையில் இருக்கிறது.

நான் துர்னூவில் தபால் பிரிப்பவள்.
இங்கே கணக்கு நோட்டு என் கையில்.

சாம்பல் காலுறை: பழுத்த பேரி, வெண்ணெய், ஒரு துளி தேன்.
வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொள்ளும் விருந்தாளி.
விழுங்கித் திரும்பினால் ஆளைக் காணோம்.
பதினெட்டு, என்றாள் ஒடீல், அந்த வெயிலின் பதினெட்டு.
சரியாகச் சொன்னாள். அந்த ஆகஸ்டில்
அவள் கூரை ஓட்டில் பூனை கால் வைக்கவில்லை.

பச்சைக் காலுறை: சிக்கிமுக்கிக் கல்லை உரசிய வாசம்,
பிறகு எலுமிச்சைத் தோல்,
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை,
பிறகு, நாங்கள் வேறு பேச்சுக்குப் போன பின், பாதாம்.
பதினான்கு. பத்து வயசு.
எட்டரை யூரோவுக்கு வாங்கி
மாடிப்படிக்கு அடியில் மறந்துபோனது.
மறதிக்கு வட்டி கிடைத்த ஒரே இடம் என் வாழ்க்கையில் இதுதான்.

கோடு போட்டதில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம்.
தக்கை கெட்டது. தொட்டியில் ஊற்றினோம்.
யாரும் துக்கம் கேட்கவில்லை.

நீலக் காலுறை.
மெலிந்தது. நாக்கின் ஓரங்களைச் சுரண்டியது.
ஆனாலும் நிமிர்ந்து நின்றது,
கடன் கேட்க வந்தும் உட்கார மறுப்பவனைப் போல.
இருபதுக்குப் பதினேழு போட்டேன்.
மக்சான்ஸ் ஒன்பது போட்டான்.
"காய். அவசரத்தில் பறித்திருக்கிறான், எவனோ."

ஃபிர்மின் காலுறையை உரித்தான்.
இருபத்தொன்று. லேபிளில் மக்சான்ஸின் பெயர்.

சிரிப்பு வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை.
அந்த ஏப்ரலில் மூன்று இரவு
வரிசைக்கு வரிசை மெழுகு டப்பாக்களைக் கொளுத்திக்கொண்டு
அவன் ஓடியதை மேட்டிலிருந்து பார்த்தவள் நான்.
மலையில் ஏதோ திருவிழா போல இருந்தது.
விடிந்ததும் மொட்டுகள் தேயிலைத்தூள் நிறம்.
ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

கிளாஸை மறுபடி நீட்டினான்.
முகர்ந்தான். ஆட்டுப்பாலாடைக் கட்டியில் ஒரு துண்டு கடித்தான்.
மறுபடி முகர்ந்தான்.
"புகை அடிக்கிறது."
நாங்களும் மூக்கை நுழைத்துப் பார்த்தோம்.
ஈரக் கல் இருந்தது, பச்சை ஆப்பிள் இருந்தது.
புகை இல்லை. இல்லை என்று சொல்லவில்லை.

"சரக்கே இல்லாத வருஷம், விலையை ஏற்றியிருக்கலாமே?"
ஃபிர்மினுக்கு எப்போது எதைக் கேட்பது என்று தெரியாது.
"ஏற்றினால்," என்றான் மக்சான்ஸ்,
"இந்த வீட்டுக்குள் விடமாட்டீர்களே."
ஒன்பது யூரோ நாற்பது.

ஒடீல் சராசரி போடக் கால்குலேட்டரை எடுத்தாள்;
ஒரு எண்ணைத் தட்டிவிட்டு அணைத்தாள்.
நோட்டில் அந்த வரியில் ஒன்பதும் பதினேழும்
ஒன்றை ஒன்று பார்க்காமல் நிற்கின்றன.

மீதி இரண்டு காலுறைகளை ஒன்பது மணிக்கு மேல் திறந்தோம்.
நன்றாகவே இருந்தன என்று நினைக்கிறேன்.
எந்த ஆண்டு என்று எழுதி வைக்கவில்லை.
ஒரு காலுறையில் மட்டும், குதிகாலில்,
ஓட்டை.