சங்கராவுக்கு வெளிச்சம்

அயனாவரம், இரண்டாவது மாடி, மேற்கு ஜன்னல்.
எதிர்வீட்டு மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே
வெயில் நுழைவது மூன்று நாற்பதுக்கு.
நாலு ஐந்துக்குக் கிளம்பிவிடும்.
ஒன்பது நாள் பார்த்துக் குறித்திருக்கிறேன்,
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

அதே பக்கத்தில் பென்சில் கட்டங்கள்:
மீன் இடப்பக்கம், டம்ளர் பின்னால்,
அறுத்த எலுமிச்சை முன்னால். வேண்டாம், தள்ளி.
ஒரு கட்டத்தில் பூண்டும் இருந்தது.
எங்கே வைத்தாலும் முன்னால் வந்து நின்றது.
எடுத்துவிட்டேன்.

வரைந்து முடிக்க எனக்குப் பதினைந்து ஞாயிறு ஆகும்.
மீனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
அதனால்தான் போட்டோ.

காசிமேட்டு எஸ்தரிடம் சொல்லி வைத்த சங்கரா.
"கண்ணு தெளிவா இருக்கணும்" என்றேன்.
"கொழம்புக்குக் கண்ணு எதுக்கு?"
செதில் எடுக்காதே, வயிறு கீறாதே என்றதும்
காசை எண்ணாமல் மடியில் போட்டுக்கொண்டு
மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

ஹேமாவதியிடம் முந்தின நாளே போய்ச் சொன்னேன்:
"நாளைக்கு மூணரையிலேர்ந்து நாலரை வரைக்கும்
மாடிக் கொடியில துணி போடாதீங்க."
"ஏன், யாராவது பொண்ணு பார்க்க வராங்களா?"
"மீனுக்கு வெளிச்சம் வேணும்."
அவர் சிரிக்கவில்லை. சரி என்றார்.

அரை நாள் லீவு. காரணம்: சொந்த வேலை.

ஸ்டூல் மேல் ஸ்டூல்,
அதன் மேல் சாம்பல் நிறப் போர்வை, நான்காக மடித்து.
நிழல் பக்கம் கறுத்துவிடாமலிருக்க
கேக் டப்பாவின் வெள்ளை மூடியை
அரிசி டின்னில் சாய்த்தேன்.
மீனின் அடிவயிறு மெல்ல விடிந்தது.

மூன்று முப்பத்தெட்டு.
தெருவில் மெட்ரோக்காரர்கள் துளை போட ஆரம்பித்தார்கள்.
டம்ளர் தண்ணீரில் வட்ட வட்டமாய் நடுக்கம்.
முதல் பதினோரு படத்திலும்
எலுமிச்சைக்கு இரண்டு விளிம்பு.
நான் மூச்சைப் பிடித்தால் தரை விட்டுவிடும்.

ஈ ஒன்று வந்தது. அதையும் எடுத்தேன்.
பிறகு பார்த்தால் எவர்சில்வரில் நான்,
சுரைக்காய்போல் வளைந்து,
நைட்டிமேல் துப்பட்டா, தூக்கிய கையில் போன்.
ஒதுங்கினால் கதவு தெரிந்தது.
கதவைச் சாத்தினால்
அதன் பின்னால் மாட்டியிருந்த தணிகாசலத்தின் லுங்கி.

நாலு மணிக்குக் கண் மங்கத் தொடங்கியது.
விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன்.
ஏமாற்றுதான்.
அப்போது சங்கராவின் விலாவில்
எந்தக் கட்டத்திலும் நான் போடாத ஓர் ஆரஞ்சு.

நிமிர்ந்தேன்.
கொடி காலியாக இருந்தது.
சொன்ன சொல் தவறவில்லை ஹேமாவதி.
கொடிக்குக் கீழே,
தொட்டிக்கும் சுவருக்கும் சரியாக நடுவில்,
மீனுக்கு வெளிச்சம் கிடைத்ததா என்று பார்க்க
அவரே வந்து நின்றிருந்தார்.

நகரச் சொல்ல வாயைத் திறந்தேன்.
முந்தானை காற்றில் எழும்பியது.
வெயில் அதன் வழியாக வந்தது.
நாற்பத்தேழாவது படம்.

ராத்திரி, குழம்பில் உப்பு கம்மி என்றார் தணிகாசலம்.
நான் மற்ற படங்களை அழித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு ஞாயிறு போய்விட்டது.
காட்மியம், கொஞ்சம் ஓக்கர்,
கத்தி முனையளவு வெள்ளை.
அந்த நிறம் போனில் ஒன்று, கம்ப்யூட்டரில் வேறு,
என் ஞாபகத்தில் மூன்றாவது.
புடவையைக் காட்டச் சொல்லி ஹேமாவதியிடம் கேட்டேன்.
"ஆரஞ்சா? அது மாம்பழக் கலர்.
சாயம் போயிடுச்சு, மிக்ஸி துடைக்கப் போட்டுட்டேனே"
என்று ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார்.
அதில் மிளகாய்த் தூளும் இருந்தது.

கேன்வாஸ் ஓரத்தில் குத்தி வைத்திருக்கிறேன்.
வெயில் இப்போது மூன்று ஐம்பதுக்குத்தான் வருகிறது,
வந்து வெறும் ஸ்டூலின் மேல் விழுகிறது.
மீன் முடிந்தது. எலுமிச்சை முடிந்த மாதிரிதான்.
டம்ளரில் நான் நிற்கும் இடத்தில் மட்டும்
இன்னும் வெறும் துணி.