கழிசல்

ஐஸ் கம்பெனிச் சங்கு ஊதும் முன்பே
முதுகு என்னை எழுப்பிவிடுகிறது.
உடனே எழ முடியாது.
முதலில் வலது முழங்கால், பிறகு இடது கை,
பிறகு கட்டில் சட்டம், பிறகு ஒரு மாதாவே.
வலித்தால் படுத்துக்கொள் என்பார்கள்,
இது படுத்தால் வருகிற வலி.

ராமநாதபுரத்தில் எடுத்த படத்தை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
"மூங்கில் மாதிரி ஆகப் பார்க்குது" என்றார் டாக்டரம்மா.
மண்டபத்தில் மூங்கிலுக்கு எங்கே போவேன்?
எனக்குத் தெரிந்தது உடைமரமும் பனையும்
வேலியில் ஏறுகிற பிரண்டையும்.
படத்தில் இருந்தது பிரண்டைதான்.
கணுக் கணுவாய்,
கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே
யாரோ சுண்ணாம்பு பூசியதுபோல.

மாத்திரையை விடக்கூடாது. எடை ஏறக்கூடாது.
பரோட்டா, சீனி குறையணும்.
கீரை, பயறு, எண்ணெய்ச் சத்துள்ள மீன்.
"சாப்பாடு இதைத் தீர்க்காது,
இதோடு இருக்கக் கொஞ்சம் உதவும்."
ஐஸ் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டு
ராமேஸ்வரம் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன்.
காலி சீட்டைக் காட்டிக் காட்டி
கண்டக்டருக்குக் கை அலுத்தது.

எழுதுவது சுலபம்.
ஐந்து பேருக்கு ஒரே உலை வைக்கும் வீட்டில்
ஒரு பிடி குதிரைவாலிக்குத் தனிச் சட்டி ஏற்றுவது
சொத்தைப் பிரித்துக் கேட்பது மாதிரி.
நாத்தனார் எஸ்தர் கேட்டாள்:
"அண்ணிக்கு என்ன, விரதமா?"
பதினாறு வருசமாய் நான் தின்றது
குழம்பில் மிஞ்சிய வாலும் தலையும்.
நடுத்துண்டு வேணுமா என்று
யாரும் கேட்டதில்லை,
நானும் என்னைக் கேட்டதில்லை.

சனிக்கிழமை கடலுக்குப் போகிற ரெமிஜியுஸ்
ஞாயிறு விடிய விசைப்படகோடு கரை பிடிப்பார்.
இறால் ஒரு கம்பெனிக்கு, கணவாய் ஒரு கம்பெனிக்கு,
நண்டை எடுக்க இன்னொரு வண்டி.
மீதியெல்லாம் கழிசல்:
காரல், பொடி, மிதிபட்ட சூடை,
கோழித்தீவன லாரிக்கு.
ஐஸ் கணக்கோடு அந்தக் கணக்கையும்
நான்தான் எழுதுகிறேன், கிலோ இருபத்திரண்டு.

ஒருநாள் பேனாவை வைத்துவிட்டுக்
கூடைக்குள் கையை விட்டேன்.
கண் சிவக்காத, வயிறு உடையாத
சூடையாய்ப் பார்த்துப் பொறுக்கினேன்.
லாரிக்காரர் சீனி முகமது
(டாக்டரம்மா குறைக்கச் சொன்ன சீனி இவரில்லை)
"கோழி பட்டினி கிடக்கட்டுமா தங்கச்சி?" என்றார்.
"கோழிக்கு முதுகுவலி இல்லையே, பாய்."
அவர் தராசில் வைக்க விடவில்லை.

பிரண்டை நறுக்கக் கையில் நல்லெண்ணெய் பூசணும்.
வதக்கி, புளி வைத்து அரைத்தாலும்
தொண்டையில் ஒரு நமைச்சல் தங்கும்.
எலும்புக்கு அதுதான் என்று சத்தியம் பண்ணுகிறாள்
பக்கத்து வீட்டு மரியசெல்வம்.
டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்:
"கெடுதல் இல்லை."
கெடுதல் இல்லாத ஒன்று போதும் எனக்கு.

எல்லாம் ஒழுங்காய்த் தின்ற நாளும் வலித்தது.
கெபித் திருவிழாவில் பிரியாணியும்
இரண்டு ரோஸ்மில்க்கும் இறக்கிவிட்டு
மறுநாள் பயந்து பயந்து எழுந்தால்
ஒன்றுமே இல்லை.
ஊர்க் கணக்கெல்லாம் நேராக்குகிற எனக்கு
இந்தக் கணக்கு மட்டும் டாலி ஆவதில்லை.
ஆனாலும் மழைக்காலம் முடிந்ததிலிருந்து
செருப்பு வாரைக் குனிந்து
நானே மாட்டுகிறேன்.

நேற்று ராத்திரி பரிமாறும்போது
முதல் தட்டை எனக்கு வைத்தேன்.
தோசைக்கல்லில் சுட்ட ஆறு சூடை,
முண்டு மிளகாய் கம்மியாய்.
பையன் எட்டிப் பார்த்தான்,
ஒன்று கொடுத்தேன். ஒன்றுதான்.
ரெமிஜியுஸ் சோற்றில் கை வைக்காமல்
புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.
சூடைக்கு முள் எடுக்க வேண்டாம்.
விரல் நீளம்கூட இல்லாத நடுமுள்,
அதையும் சேர்த்தே கடித்தேன்,
நறுக், நறுக்கென்று.
வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.