எனக்கும்

அம்பத்தூர் எஸ்டேட், ராத்திரி ஒன்றே கால்.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.
நாளை சாயங்காலம் புளியந்தோப்பில் கேரம் ஃபைனல்.
ஒரு கேமரா, ஒரு போர்டு, ஒரே ஓடை.
கேட்ட வீட்டுக்கு மட்டும் அது பிரிய வேண்டும்.

ஆளுக்கொரு பிரதி அனுப்பினால் லைன் தாங்காது.
எல்லோருக்கும் திறந்துவிட்டால்
தூங்குகிறவன் வீட்டிலும் வெள்ளம்.
டிசம்பர்களைப் பார்த்த ஊர். வேண்டாம்.

அதனால் மல்டிகாஸ்ட்.
இருநூற்று முப்பத்தொன்பதில் தொடங்கும் முகவரி ஒன்று.
அந்த முகவரியில் யாரும் குடியில்லை,
கதவு இல்லை, ரேஷன் கார்டில் ஏறாது.
'எனக்கும்' என்று சொன்னவர்கள் சேர்ந்தால்
அதுதான் அது.

வியாசர்பாடி சொன்னது: எனக்கும்.
பட்டாளம் சொன்னது.
பெரும்பாக்கமும் சொன்னது,
ஆனால் ஓடை அங்கே வாசல்வரை போய்ச் சாகிறது.

கவுண்ட்டரைப் பார்க்கிறேன்.
வந்தவை பதினோராயிரம். உள்ளே விட்டவை பூஜ்யம்.
சிவப்பு விளக்கு ஒன்றும் எரியவில்லை.
வாசலில் நிற்கும் ரூட்டர்
ஒவ்வொரு பாக்கெட்டிடமும் ஒன்றைத்தான் கேட்கிறது:
உன் ஊருக்கு நான் போவதானால்
இந்த வழியாகவா போவேன்?
இல்லையா, அப்படியானால் நீ வரவே இல்லை.

புளியந்தோப்புக்குக் கிண்டி வழி
என்கிறது அதன் அட்டவணை.
பாக்கெட் வந்ததோ கடற்கரைப் பக்கத்து ஃபைபரில்,
போன மாதம் யேசுபாதம் ஏணி போட்டு இழுத்தது.
எழுப்பிக் கேட்டேன்.
"கேபிளு நல்லாத்தான் கீது மேடம்,
நீங்க உள்ள பாருங்க."

உள்ளே பார்த்தால் தெரிந்த கணக்குதான்.
எங்களையும்
விடிவதற்குள் லாரியில் ஏற்றி ஒரு வழியாகக் கொண்டுபோய் இறக்கினார்கள்.
திரும்பிப் போக வேறு வழி, மூன்று பஸ்.
புதுப் பள்ளிக்கூடத்தில் எங்கேயிருந்து வர்றே என்றார்கள்.
நான் சொன்னது
அவர்கள் நோட்டில் இருந்ததோடு ஒத்துவரவில்லை.

ஒரு வரி எழுதினேன்.
இந்த மூலத்திலிருந்து வருவது இந்த வழியாகவும் வரலாம்.
அழித்தேன். ரூட்டருக்கு 'லாம்' புரியாது.
இந்த வழியாகவே வரும்.
என்டர்.
பூஜ்யம் கொஞ்சம் யோசித்து
நாற்பத்தொன்று ஆனது.

மறுநாள் ஷகிலா பானு ரெட்டைப் போட்டாள்,
ஃபாலோ விழவில்லை.
ரெட் திரும்ப நடுவுக்கு வந்து உட்கார்ந்தது.
எத்தனை வீட்டில் 'ச்சே' என்றார்களோ, அதற்குக் கவுண்ட்டர் இல்லை.

நிமிஷத்துக்கு ஒருதரம் ரூட்டர் தெருவில் கூப்பிடும்:
இன்னும் யாராவது இருக்கீங்களா?
ஒரு வீடு இருக்கேன் என்றால் போதும்,
காதில் விழுந்த மற்ற வீடுகள் சும்மா இருந்துவிடும்.

எட்டரைக்கு ஆட்டம் முடிந்தது.
பட்டாளம் உதிர்ந்தது. வியாசர்பாடி உதிர்ந்தது.
பன்னிரண்டரைக்கும் பெரும்பாக்கம் எண்பத்தேழாம் பிளாக்கிலிருந்து
ஒரே ஒரு குரல்: இருக்கேன்.

ரிமோட்டைத் தேடாமல் தூங்கிப்போயிருக்கலாம்.
கேமராவை அணைக்கவும் யாரோ மறந்திருந்தார்கள்.
நானும் அந்த ஓடையைத் திறந்து பார்த்தேன்:
பவுடர் படிந்த வெற்றுப் போர்டு,
ஜன்னலுக்கு வெளியே தண்ணி லாரி,
குடத்தோடு யாரோ ஓடுகிறார்கள்.

துண்டிக்கும் கட்டளை எனக்குத் தெரியும், நான்கு சொல்.
ஷிப்ட் முடியும்வரை அடிக்கவில்லை.