ஏழாம் அறையில் கிடைத்த தாள்

ஏழாம் அறை மெத்தையைத் தூக்கி
விரிப்பு மாற்றும்போது விழுந்தது,
நாலாய் மடித்த தாள்.
"கைக்காசு கரையாமல்
இந்தத் தீவில் செய்யக்கூடியவை பதினொன்று."
மூன்றுக்கு நேரே டிக் அடித்திருந்தார்கள்.

இங்கேதான் பிறந்தேன்.
முப்பத்துநாலு வருஷம்.
எனக்குக் கடல் என்றால்
ஈரத்துண்டை உதறும்போது கொட்டுகிற மணல்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.
ரொஹெலிட்டோவின் மூன்று சக்கர வண்டிக்கு
அரை லிட்டர் பெட்ரோல், முப்பத்தைந்து பெசோ.
ஓலைப்பொட்டலச் சோறு நாலு, இருபத்தெட்டு.
கருவாட்டுச் சூடை வீட்டிலேயே இருந்தது.
டெக்ஸ்டர் தாளை வைத்துக்கொண்டான்,
எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு,
எங்களை மேய்க்கிற வயசும்கூட.

முதலாவது, கிழக்குத் துறையில் சூரிய உதயம்.
நாங்கள் போய்ச் சேர்வதற்குள்
சூரியன் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தான்.
"டிக் போடலாமா?" என்றான் பையன்.
போடு என்றேன். வெளிச்சம் இருக்கிறதே.

இரண்டாவது, விழுதுமரத்தடிக் குளத்தில்
கால் கடிக்கும் மீன்கள்.
வாசலில் பத்துப் பெசோ வாங்குகிறவன்
ரொஹெலிட்டோவோடு படித்தவன்,
வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.
வெள்ளைக்காரப் பெண்களின் பாதங்களை விட்டுவிட்டு
மீன்கள் மொத்தமும் என்னிடம் வந்தன.
பன்னிரண்டு வருஷம் பிளீச்சிங் தண்ணீரில் நின்று
வெடித்த குதிகால்.
அவற்றுக்கு அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு.

நாலாவது அருவி.
டெக்ஸ்டர் எட்டு முறை குதித்தான்.
ஒன்பதாவது முறை ரொஹெலிட்டோ,
சட்டையைக்கூடக் கழற்றாமல்.
பையிலிருந்த ஐம்பது பெசோ நோட்டும்
கூடவே குதித்திருக்கிறது.
பாறையில் விரித்து
நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்து
அது காயும்வரை உட்கார்ந்திருந்தோம்.
யாரும் எதுவும் பேசவில்லை.
அவன் முதுகில் தண்ணீர்
சொட்டுச்சொட்டாக வற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எத்தனை நேரம் என்று தெரியாது.
நோட்டு எப்போதோ காய்ந்துவிட்டது.
இது அந்தத் தாளில் இல்லை.

ஐந்தாவதைத் தாண்டிவிட்டோம்.
தெருவோர இளநீர், மலிவு என்று போட்டிருந்தது.
யாருக்கு மலிவு?

ஆறாவதை டெக்ஸ்டர் உரக்கப் படித்தான்:
"வற்றுநேரத்தில் மேற்குக் கடற்கரைக்குப் போங்கள்.
உள்ளூர்ப் பெண்கள் சிப்பி பொறுக்குவதை
அமைதியாக அமர்ந்து ரசியுங்கள். இலவசம்."

சரி என்று போய் அமர்ந்தோம், அமைதியாக.
கடல் தூரத்தில் எங்கோ சுருண்டு கிடந்தது.
சேற்றில் குனிந்த முதுகுகள் ஆறோ ஏழோ.
அவற்றில் ஒன்று நிமிர்ந்தது.
என் நாத்தனார் எர்லிண்டா.

"ஏய் நெலியா! என்னடி வேடிக்கை?
தண்ணி திரும்புது, கண்ணு தெரியலையா?
அந்த வாளியை எடுத்துட்டு வா!"

எடுத்துக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய?
விரல் மறக்கவில்லை,
மணலில் சின்னப் பொத்தான்போல ஒரு குழி,
அதன் கீழே ஒரு சாண், அங்கே அது.
ரொஹெலிட்டோ முள்ளெலிபோல் இருக்கும்
கடல்முள் ஒன்றை மிதித்துக்
கெட்ட வார்த்தை சொன்னான்.
கரையில் யாரோ இருவர்
எங்களைப் படம் எடுத்தார்கள்.
டெக்ஸ்டர் அவர்களிடம் ஓடிப்போய்த்
தாளைக் காட்டி
"ஆறு! நாங்கதான் ஆறு!" என்று கத்தினான்.

ஒன்பதாவது, அந்தி.
அது எங்கள் முதுகில் நடந்தது.

வாளி நிறைந்தபோது தாள் அடியில் இருந்தது.
பச்சை மை சிப்பி ஓடுகளில் ஏறியிருந்தது.
இஞ்சி போட்டு வேகவைத்தோம்.
இரண்டு மட்டும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை
ஏழாம் அறைக்காரர் கேட்டார்,
ஒரு காகிதம் பார்த்தாயா என்று.
மொறமொறவென்று உப்புப் பூத்திருந்ததை
மேசைமேல் வைத்தேன்.
முகர்ந்து பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"துண்டு மாற்றட்டுமா, சார்?"