இருபத்திரண்டு நிமிடம்

பொருத்தம் பார்ப்பது என் உத்தியோகம்.
ஜாதகக் கட்டம் இல்லை, விண்ணப்பப் படிவம்.
ஒரு பக்கம் பேட்டரி ஆலை, நூற்று நாற்பது காலியிடம்.
மறுபக்கம் நிலக்கரிக் குழி மூடியதில்
வெளியே வந்த முந்நூறு பேர்.
நடுவில் என் மேசை,
ஆறிப்போன காப்பி,
பகலிலும் எரிகிற குழல்விளக்கு.

ஃபால்க் ரைமான் ஆலையிலிருந்து
மாதம் ஒருமுறை கூப்பிடுவார்.
"ஆளே கிடைக்கவில்லை, ஃப்ராவ் ட்ஸ்வோர்கா.
லவுஸிட்ஸ்காரர்களுக்கு உழைக்க மனமில்லை."
போனை வைத்ததும் கதவு திறக்கும்.
குழியில் கிரேன் ஓட்டிய ஹங்கா
தொப்பியின் பனியை உதறிக்கொண்டே கேட்பாள்:
"வேலை ஏதும் வந்ததா?"
மத்தளத்திடம் யாரும் கேட்பதில்லை
எந்தப் பக்கம் கூடுதலாய் வலித்ததென்று.

திறன் மேம்பாட்டுக்குத் தலைநகரிலிருந்து பணம் வந்தது.
பதினாறு வாரம் வகுப்பு.
அலெப்போவில் கடைசல் பட்டறை வைத்திருந்த யாசன்
எல்லாத் தேர்விலும் முதல்.
ஊவே தொடுதிரையைத் தொட்டுவிட்டு
விரலைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்,
கரி ஒட்டியிருக்கிறதா என்று.
இருபத்தாறு சான்றிதழ்.
மேயர் கைகுலுக்கினார். படம் எடுத்தோம்.
பதினொரு பேரை ஆலை எடுத்துக்கொண்டது.
மூன்றாம் வாரம் எஞ்சியவர்கள்
சொந்தக் கார் வைத்திருந்த நால்வர்.
கார் விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

"பார்த்தீர்களா?" என்றார் ரைமான்.
பார்க்கத்தான் போனேன்.

ஜனவரி. விடிய வெகுநேரம் இருந்தது.
குழி இருந்த இடத்தில்
இன்னும் பெயர் வைக்காத ஏரி.
ஹங்காவின் ஊர் நிறுத்தத்தில்
அட்டவணை மேல் படிந்த உறைபனியை
நகத்தால் சுரண்டினேன்.
முதல் பேருந்து ஆலை வாசலைத் தொடுவது ஐந்து ஐம்பத்திரண்டு.
காலை ஷிஃப்ட் ஐந்து முப்பது.

கல்வி, அனுபவம், மொழி,
ஃபோர்க்லிஃப்ட் உரிமம் உண்டா,
முதுகுவலி உண்டா,
எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தேன்.
எப்படி வருவாய் என்பதற்குப் போடவில்லை.

"சைக்கிளில் பதினேழு கிலோமீட்டர்" என்றாள் ஹங்கா.
"இரண்டு நாள் தாமதம்.
மூன்றாம் நாள் அட்டை வேலை செய்யவில்லை."
முன்பே ஏன் சொல்லவில்லை?
"நீங்கள் திறமையைப் பற்றித்தானே கேட்டீர்கள்."

பேருந்துக் கழகத்துக்கு எழுதினேன்.
மாவட்டத்தைக் கேள் என்றது.
மாவட்டம் கழகத்தைக் கேள் என்றது.
நேரில் போய் உட்கார்ந்தேன், மதியம்வரை.
கடைசியில் மேலாளர்
ஏதோ வெட்கக்கேட்டை ஒப்புக்கொள்கிறவர் போல
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"வண்டி நிற்கிறது அம்மா. ஓட்ட ஆளே கிடைக்கவில்லை."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பட்டியலின் கடைப் பக்கத்தில்
'இதர, திறன் வகைப்படுத்தப்படாதவர்' என்று
என் கையெழுத்திலேயே ரோஸ்விதா.
குழிக்குள் ஷிஃப்ட் வண்டியைப்
பத்தொன்பது வருடம் ஓட்டியவள்.
சேற்றில், இருட்டில்,
தூங்கி வழியும் அறுபது தலைகளோடு.

மார்ச்சில் புது வண்டி ஓடத் தொடங்கியது.
ஆலை வாசலில் ஐந்து இருபத்து நான்கு.
முதல் நாள் நானும் ஏறினேன்.
யாசன் முன்னிருக்கையில், முட்டிமேல் சாப்பாட்டு டப்பா.
ஊவே குறட்டை.
இன்னும் ஐந்து பேர்.

ஹங்கா இல்லை.
பிப்ரவரியிலேயே லைப்சிக் போய்விட்டாள்,
பொட்டலக் கிடங்கில் இரவுப்பணி.
அவள் கோப்பை மூடும்போது
'பணியமர்த்தப்பட்டார்' என்ற கட்டத்தில்
டிக் போட்டேன். விதிப்படி அது சரிதான்.

ரைமான் அன்றும் கூப்பிட்டார்:
இன்னும் நூற்று இருபத்தொன்பது.

அவள் ஊர் நிறுத்தத்தில்
ஏற ஒருவரும் இல்லை.
இருந்தும் ரோஸ்விதா கதவைத் திறந்தாள்,
குளிர் உள்ளே வந்தது,
யாரும் முணுமுணுக்கவில்லை.
ஒரு நிமிடம் நின்றோம்.
அட்டவணையில் அந்த நிமிடம் இல்லை.