செவ்வாய் வரைக்கும்

தோணாவுக்குள் குப்பை போடுவது யாரென்று
சாய்ந்தமருதில் எல்லோருக்கும் தெரியும்:
அடுத்த ஒழுங்கைக்காரர்.
அடுத்த ஒழுங்கையில் கேட்டால்
எங்கள் ஒழுங்கையைக் காட்டினார்கள்.
இல்லையில்லை, காரைதீவுப் பக்கத்து ஆக்கள் என்றார் ஒருவர்.
காரைதீவுப் பக்கத்திலிருந்து
அதையே கேட்க வந்திருந்த கோணேசன்
சைக்கிளைப் பிடித்தபடி சிரித்தார்.

மாரியின் முதல் மழைக்கே
கடலுக்கு வழி தெரியாத தண்ணீர்
றம்சீனாவின் குசினிக்குள் நுழைந்து
அரிசிப் பேணியை மிதக்கவிட்டது.
அன்றைக்குத்தான் கூடினோம்.
முன்பள்ளியின் குட்டிக் கதிரைகளில்
முழங்கால் நாடியில் முட்ட
பெரிய ஆக்கள் இருந்து கோபப்பட்டோம்.

காவல் போடுவதென்று முடிவு.
இரவு பத்திலிருந்து சுபஹுத் தொழுகை வரை.
டோர்ச் லைட் மூன்று, விசில் ஒன்று.
கையெழுத்து நல்லதென்று
கொப்பி எனக்கு; விடிய விடியக் கேட்டு எழுதினேன்.

முதலாம் இரவு, நாய் இரண்டு.
இரண்டாம் இரவு, அதே நாய்கள்,
தூக்கம் வராத அதிபர் ஒருவர்.
மூன்றாம் இரவு மோட்டார் சைக்கிள் சத்தம்;
உதுமாலெவ்வை விசில் ஊதிய வேகத்தில்
பல்செற் கழன்று தோணாவுக்குள் விழுந்தது.
அதையும் எழுதினேன்.
ஒருவரும் வரவில்லை.
குப்பை மட்டும் வந்துகொண்டிருந்தது.

பையைத் திறந்தால் பில் இருக்கும்,
பில்லில் பெயர் இருக்கும் என்றான் நப்ரிஸ்.
கையுறை மாட்டி
நாற்பத்தொரு பைகளைக் கரையில் கொட்டினோம்.

சூரை மீன் தலை. பிள்ளைகளின் பம்பர்ஸ்.
ஒருவருக்கும் சொல்லாத சீனி வருத்தத்தின் ஊசிகள்,
துண்டோடு.
பதினெட்டுப் புள்ளி போட்ட கணிதத் தாள்,
எட்டாய்க் கிழித்தது.
நடக்காமல் போன கலியாணத்துக்கு
அச்சடித்த கார்ட் முந்நூறு,
றிபன் கட்டுக் கூட அவிழ்க்காமல்.

அடகு கடை ரசீது ஒன்று கோணேசனின் கையில் வந்தது.
வெயிலுக்கு நேரே பிடித்தார்.
வாசித்தார்.
வாயைத் திறந்தார்.
பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து,
"மழையில நனைஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு" என்றார்.

மழை விட்டு நாலு நாள்.
அதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை.
அதற்குப் பிறகு எல்லோருக்கும் கண் மங்கியது.
நப்ரிஸுக்கும்,
அவனுக்கு இருபத்திரண்டு வயது.

கொப்பியில் எழுதினேன்:
பைகள் நாற்பத்தொன்று. பெயர்கள் இல்லை.

முப்பத்தேழாவது பையின் முடிச்சு எனக்குத் தெரியும்.
இரட்டைச் சுற்று, பச்சை நூல்.
என் தையல் மெஷினில்
அந்த நூல் இப்போதும் கோத்தபடி கிடக்கிறது.

மாநகர சபைக்கு ஐந்து தரம் போனோம்.
ஐந்தாம் தரம் றம்சீனா
அரிசிப் பேணியை மேசையில் வைத்தாள்,
சேறு காயாமல்.
பெக்கோ வந்து முகத்துவாரத்தை வெட்டிய இரவு
தண்ணீர் கடலுக்குள் போகிற இரைச்சலில்
ஒழுங்கை முழுக்க விழித்துக் கிடந்தது.
கிழமைக்கொரு ட்ரக்டரும் தந்தார்கள், செவ்வாயில்.
சில செவ்வாய் வரும்.

அடுத்த கூட்டத்தில் தேநீர் ஊற்றிய றம்சீனா
ஒரு கோப்பைக்கு மட்டும் சீனி போடவில்லை.
சொல்லாமல் நீட்டினாள்.
வாங்கியவர் சொல்லாமல் குடித்தார்.

இன்று ஞாயிறு.
குசினிக் கதவுக்குப் பின்னால் இறால் கோது,
பச்சை நூல் முடிச்சு.
மணக்குது.
பின்வளவால் தோணாவுக்கு
இருபது எட்டுத்தான்.
மதிலுக்கு அந்தப் பக்கமும் ஏதோ மணக்குது,
அதற்கு அடுத்த வீட்டிலும்.
இன்னும் இரண்டு இரவு.