மறுபக்கம்

தாள் கிடைக்காத அந்த வருசம்
நிசாம்தீன் முதலாளி பரணைத் திறந்தார்.
அமைச்சர் எட்மன் ஹீனட்டிகலவின் மணிவிழா மலர்,
ஒருபக்கம் அச்சாகி, காசு வராமல் நின்றுபோன
பதினோராயிரம் தாள்.
மறுபக்கம் வெள்ளை.
"சுற்றுலாக்காரனுக்கு என்ன, லூர்து,
அவன் திருப்பியா பார்க்கப் போறான்?"

ஆமர் வீதியில் இரண்டு மின்வெட்டுக்கு நடுவே
படி திருத்த உட்கார்ந்தேன்.
இரண்டு பக்கமும் ஆங்கிலம்,
எனக்கு வேலைக்கு மட்டும் வரும் மொழி.
மெலிந்த தாள். விளக்கில் பிடித்தால்
பின்பக்கத்து எழுத்து இடம்வலம் மாறி
முன்பக்கத்துக்குள் நடந்து வரும்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும்
வங்கிக் கவுண்டரில் மட்டும் காசு மாற்றுங்கள்
என்ற வரிக்கு அடியில் ஒரு மெல்லிய மீசை:
துறைமுகத் தொழிற்சங்கத்தின் இளைய செயலாளர்.
ஓட்டோவில் ஏறுமுன் மீற்றரைக் கேளுங்கள்.
அடியில் பிரதி அமைச்சர்,
அதற்கு அடியில் வேறொரு கட்சியில் அதே பிரதி அமைச்சர்.
ஜெனீவாவில் யூன் மாதந்தோறும் ஒரு படம்,
கோட் மட்டும் மாறும்.

விகாரைக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும்.
புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள்.
நேர் கீழே, கண்ணாடியில் போல:
தொழிலாளருக்கு ஒருநாளும் முதுகு காட்டாதவர்.

சிரித்துவிட்டேன். மெஷின்காரப் பொடியன்
என்ன அக்கா என்றான்.
பிழை ஒன்று, என்றேன். எங்கே என்று கேட்டான்.
காட்டத் தெரியவில்லை.

அந்த மலரையும் நான்தான் திருத்தியிருந்தேன்.
வேலைநிறுத்தம் இருபத்தொரு நாள் என்றிருந்ததை
முப்பத்தொன்று ஆக்கினேன்.
ஆதாரம் கேட்டார்கள். அடுப்பு, என்று சொல்லவில்லை.
அப்பா கிரேன் ஓட்டியவர்.
தார் பீப்பாயில் ஏறி நின்று எட்மன் சொன்னாராம்:
"கடைசி ஆள் உள்ளே போகும்வரை நான் போகமாட்டேன்."
போகவும் இல்லை, அந்த வாசலால்.
வேறு வாசல் திறந்தது, கொடி கட்டிய காருக்கு.
பிறகு அவரே துறைமுகத்தை அத்தியாவசிய சேவை என்று
கையெழுத்திட்டார்; இனி நின்றால் வேலை போகும்.
மலரில் அது 'தொழில் அமைதி'.
எழுத்துக்கூட்டல் சரியாக இருந்தது.
விட்டுவிட்டேன்.

போயா தினத்தில் மதுக்கடை பூட்டு.
குழாய்த் தண்ணீர் வேண்டாம்.
எரிபொருள் வரிசைகளைப் படமெடுப்பதைத் தவிர்க்கவும்.
இந்தக் கடைசி வரியை மட்டும் அடித்தேன்,
முதலாளி திரும்ப எழுதினார்.

மார்கழியில் கோட்டை ஸ்டேஷன் வாசலில்
வெயிலில் சிவந்த ஒருத்தி, போலந்தாம்,
என் தாளோடு நின்றாள்.
முதலாளி சொன்னது பொய். திருப்பித்தான் பார்த்திருந்தாள்.
பெரிய மேசை, பின்னால் சிங்கக்கொடி,
மேசைக்குப் பின்னால் அவர்.
விரல் வைத்துக் கேட்டாள்:
"இந்த இடம் எத்தனை மணிவரை திறந்திருக்கும்?"

அது இடமில்லை என்று சொல்லியிருக்கலாம்.
பஸ்காரன் கத்திக்கொண்டிருந்தான்,
பகோடா விற்கிறவன் எங்களுக்கு நடுவால் போனான்.

நூற்று மூன்றாம் நம்பர் பஸ், என்றேன்.
நாரஹேன்பிட்டையில் இறங்கவேண்டும், தொழிற் செயலகம்.
எட்டரைக்குத் திறப்பார்கள், ஏழுக்கே போய்விடுங்கள்,
இலக்கம் முடிந்துவிடும்.
தோள் மூடத் தேவையில்லை.
தண்ணீர் கொண்டுபோங்கள். சில்லறையும்.
பதினொரு வருசம் போய்வந்த பாதை,
பிசகாமல் சொன்னேன்.
அவள் பேனை எடுத்து
அமைச்சரின் நெற்றியில்
103 என்று குறித்துக்கொண்டாள்.

மாடியைச் சொல்ல மறந்துபோனேன்.
மூன்றாவது.
அப்பாவின் சேமலாப நிதிக் கோவை
அங்கேதான் எங்கோ இருக்கிறதென்று
கடைசியாகப் போனபோதும் சொன்னார்கள்.